மருந்து என்ற பேரிலும்

எங்கள் தோட்டத்து மதுவிலக்குச் சங்கம் இந்த வருஷம் ஒரு மலர் போடுகிறது. அதில் என் ஆஸ்பத்திரி நாட்களைப் பற்றி எழுதித் தரவேண்டும் என்று செயலாளர் கேட்டார். நோய் எப்படி வந்தது, என்ன வைத்தியம் செய்தார்கள், லாகிரி தொடாத உடம்பு எவ்வளவு சீக்கிரம் தேறிற்று என்று நாலு பேருக்குப் பயன்படும்படி எழுதுங்கள் என்றார். நான் சங்கத்தின் தலைவன். தோட்டத்தில் கணக்கெழுதும் பெரிய கிராணி. பேனாவைப் பிடித்தே பிழைக்கிறவன் எழுத வராது என்று எப்படிச் சொல்வது? சரி என்று விட்டேன். ஆனால் உட்கார்ந்து பார்த்தால், அவர் கேட்டதை எழுதக் கை வரவில்லை. நடந்ததை எழுதுகிறேன். அச்சுப் போடுவதும் போடாததும் அவர் பாடு.

ரப்பர் விலை படுத்துக் கிடந்த காலம் அது. பாதி ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். மீதி ஆட்களை வைத்துக்கொண்டு வேலைக்கு ஆள் எண்ணும் காலைப் பெரட்டில் நின்று பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். பாதிப் பேர் கூப்பிட்டிருப்பேன். வலது இடுப்புக்குப் பின்னால் யாரோ கத்தியைச் செருகித் திருப்பினாற்போல ஒரு வலி. அது விலாவைச் சுற்றி வந்து அடிவயிற்றுக்கு இறங்கியது. புத்தகத்தைக் கீழே போட்டுவிட்டு ஈரப் புல்லில் உருண்டேன். வாந்தி வேறு. ஆட்கள் பதறினார்கள் என்று எழுதினால் பொய். முதலில் சிரித்தார்கள். கிராணியார் விடியற்காலையிலேயே போட்டுவிட்டு வந்திருக்கிறார் என்று ஒரு பெண்பிள்ளை சொன்னது என் காதில் விழுந்தது. கள்ளுக்கடை வாசலில் நின்று நான் வாங்கிய வசவுகளையெல்லாம்விட அதுதான் அன்றைக்கு எனக்கு உறைத்தது. அந்த வலியிலும் எனக்கு மானம்தான் பெரிதாக இருந்தது.

துரையின் லாரியில் பாய் விரித்துப் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். பத்து பாகாட் டவுனைத் தாண்டி ஆற்றோரமாக இருந்தது என்பது போதும். என் மனைவி தையல்நாயகி மூன்று வயது மகள் வள்ளியை இடுப்பில் வைத்துக்கொண்டு லாரியின் பின்பக்கம் என்னோடு உட்கார்ந்து வந்தாள். பள்ளம் வரும்போதெல்லாம் என் தலையைத் தன் காலால் அணைத்துப் பிடித்துக்கொண்டாள். பிடிக்க அவளிடம் கை மிச்சமில்லை.

என்னைப் போன்ற உத்தியோகக்காரர்களுக்குத் தனி அறை உண்டு. அந்த வாரம் அங்கே கறையான் அரித்த பலகைகளை மாற்றிக்கொண்டிருந்தார்கள். அதனால் பொது வார்டின் கோடியில் ஒரு கட்டில் போட்டு, நடுவில் துணித் தட்டி ஒன்றை நிறுத்தி, இதுதான் இப்போதைக்கு உங்கள் அறை என்றார்கள். தட்டிக்கு அந்தப் பக்கம் கூலி ஆட்கள். இந்தப் பக்கம் நான். கார்பாலிக் வாடை இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக இருந்தது.

டாக்டருக்குக் கீழ் மருந்தும் ஊசியும் பார்க்கிற டிரெஸர் ஏசுதாசன் நம்ம ஆள். பொறுமைசாலி. என் மூத்திரத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சிப் பார்த்தார். ஒரு சொட்டை எடுத்துப் மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்துப் பார்த்து, ரத்தம் இருக்கிறது என்றார். பெரிய டாக்டர் வெள்ளைக்காரர். முதுகில் ஒரு குத்து விட்டார். நான் துள்ளிய துள்ளலைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார். எனக்கு வந்திருப்பது கல்லடைப்பு. அதை ஏசுதாசன் விளக்கினார். முதுகுப் பக்கத்தில் இரண்டு சிறுநீரகங்கள் இருக்கின்றன, அவரைக்கொட்டை வடிவத்தில். அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் கீழே வருகிறது. வைக்கோல் துரும்பு கனம்தான் அது. அதற்குள் ஒரு சின்னக் கல் வந்து மாட்டிக்கொண்டால், அதைத் தள்ளிவிடக் குழாய் தன்னைத்தானே பிழிகிறது. அந்தப் பிழிவுதான் வலி. கத்தி வைக்க வேண்டியதில்லை. பார்லித் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். மூத்திரத்தை ஒவ்வொரு தடவையும் வெள்ளைத் துணியில் வடிகட்டிக் கல் விழுந்ததா என்று பார்க்க வேண்டும். விழுந்தால் அன்றைக்கே அவரிடம் காட்ட வேண்டும். விழுந்துவிட்டால் நோய் போச்சு.

அதுவரைக்கும் வலிக்கு ஓர் ஊசி போட்டார்.

அந்த ஊசியைப் பற்றி எழுதத்தான் இத்தனை தயக்கம். வலி போய்விடவில்லை. அங்கேயேதான் இருந்தது. ஆனால் அடுத்த வீட்டுச் சண்டை மாதிரி ஆகிவிட்டது. கேட்கிறது, நமக்கென்ன என்று இருந்தது. வயிற்றுக்குள் ஒரு சூடு பரவிக் கை கால் நுனி வரைக்கும் போயிற்று. செத்துப்போன என் அம்மா ஞாபகத்துக்கு வந்தாள். துக்கம் வரவில்லை. எந்நேரமும் ஆட்குறைப்பில் என் பேரும் வரலாம் என்ற பயம் இரண்டு வருஷமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது. அதுவும் எழுந்து வெளியே போய்விட்டது. நாற்பத்திரண்டு வயதில், என் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக எனக்கு ஒரு குறையும் இல்லை. தையல் கட்டிலோரத்தில் உட்கார்ந்து என் கால்விரல் நகங்களை வெட்டிக்கொண்டிருந்தாள். நான் சிரித்தேனாம். பிற்பாடு சொன்னாள். கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் நான் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லையாம்.

மறுநாள் சாயங்காலம் மறுபடி வலி வந்தது. மறுபடி ஊசி. இந்தத் தடவை கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, தட்டில் இருந்த சின்னக் குப்பியின் மேல் ஒட்டியிருந்த ஆங்கில எழுத்தை வாசித்தேன். மார்பியா. அபினிலிருந்து எடுக்கிற சத்து அது என்று எனக்குத் தெரியும். மூவாரிலும் பத்து பாகாட்டிலும் சந்துக்கடையில், அதாவது அபின் கடையில், பலகைமேல் சாய்ந்து படுத்திருக்கும் கிழட்டுச் சீனர்களைக் காட்டி, மனுஷன் மிருகமாகிற இடம் பாருங்கள் என்று எத்தனை ஆட்களுக்குப் பாடம் நடத்தியிருப்பேன். அவர்கள் புகையாக இழுத்ததை நான் ஊசியில் ஏற்றிக்கொண்டேன். ஊருக்குத்தானடி உபதேசம், உனக்கில்லையடி பெண்ணே என்பார்கள். டாக்டர் கொடுத்தால் அது மருந்து என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிவிட்டுச் சுகமாகக் கண்ணை மூடினேன்.

இங்கே எங்கள் சங்கத்தின் சத்தியத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வெளியாருக்குத் தெரியாது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை, மாரியம்மன் கோயிலில் நாற்பது ஆம்பிளைகளைக் கூட்டி, சூடம் ஏற்றிக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் வாங்கினேன். சும்மா குடிக்க மாட்டேன் என்று சொன்னால் போதாது. அதை எனக்கு முன்னால் ஒரு கங்காணி செய்து பார்த்துத் தோற்றிருந்தான். கள்ளைத்தானே விட்டேன் என்று சாராயம் குடிப்பார்கள். சாராயத்தைத்தானே விட்டேன் என்று கஞ்சா இழுப்பார்கள். இடுப்பு வலிக்கு மருந்து என்று ஒரு புட்டியை வைத்துக்கொண்டு குடிப்பவர்கள் வேறு. நான் கிராணி அல்லவா. அக்ரிமெண்டு எழுதுகிறவனைப் போல ஓட்டையெல்லாம் அடைத்து வாசகம் எழுதினேன். “கள், சாராயம், கஞ்சா, அபின் முதலாகப் புத்தியை மயக்கும் எந்த வஸ்துவையும், எந்த வழியாகவும், மருந்து என்ற பேரிலும், என் உடம்புக்குள் விடமாட்டேன், விட்டால் அது என் பிள்ளை தலையில் விடியட்டும்.” பிள்ளை தலையில் என்பதும் என் யோசனைதான். தன்மேல் ஆணையிட்டால் இவர்கள் மீறுவார்கள், பிள்ளைமேல் ஆணையிட்டால் மீற மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். எனக்கு இந்த ஆணை, தெய்வக் குற்றம் இதிலெல்லாம் பெரிய நம்பிக்கை கிடையாது. அவர்களுக்கு இருந்தது. அது போதும் என்று நினைத்தேன்.

அந்த நாற்பது பேரில் முதலில் கையை நீட்டியவன் வீரப்பன். ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்காரன். பெண்டாட்டி செத்த பிறகு கள்ளுக்கடையே வீடாகக் கிடந்தவன். அஞ்சலை என்று ஆறு வயதில் ஒரே பெண். அவள் தலையில் ஒரு கையை வைத்துக்கொண்டு மறு கையால் சூடத்தை அடித்தான். அன்றிலிருந்து தொடவில்லை. துரையிடமும், வந்துபோகிற பெரிய மனிதர்களிடமும் அவனைக் கூப்பிட்டுக் காட்டுவேன். நான் வளர்த்த மரம் என்கிற மாதிரி ஒரு பெருமை.

மூன்றாம் நாள் காலை, வடிகட்டிய துணியில் என் கல் விழுந்திருந்தது. அரிசி நொய்யளவு. பழுப்பு நிறம். ஒரு பக்கம் முள்போல இருந்தது. இதற்குத்தானா அத்தனை உருளல் என்று வெட்கமாக இருந்தது. உடம்பு லேசாயிற்று. வலி இருந்த இடத்தைத் தேடிப் பார்க்க வேண்டியிருந்தது. ஏசுதாசனைக் கூப்பிட வாயெடுத்தேன். கூப்பிடவில்லை. கல்லைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ஏன் என்று அப்போது என்னை நானே கேட்டுக்கொள்ளவில்லை. காட்டினால் வீட்டுக்குப் போ என்பார்கள். வீட்டில் அந்த ஊசி கிடையாது.

அன்று மத்தியானம் வீரப்பனைக் கொண்டுவந்தார்கள். பட்டுப்போன ரப்பர் மரம் ஒன்று காற்றில் முறிந்து அவன் இடது காலின்மேல் விழுந்திருந்தது. அது நடந்து இரண்டு நாளாயிற்றாம். நான் இல்லாததால் கூலி வீட்டு லயத்திலேயே பச்சிலை வைத்துக் கட்டிப் பார்த்திருக்கிறார்கள். கால் கறுத்துப்போய் வாடை வந்தது. தட்டிக்கு அந்தப் பக்கத்துக் கட்டிலில் போட்டார்கள். நான் தட்டியை ஒதுக்கி அவனைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் அந்த நிலைமையிலும் எழுந்திருக்கப் பார்த்தான்.

டாக்டர் வந்து பார்த்துவிட்டுக் காலை எடுக்க வேண்டும் என்றார். அழுகல் மேலே ஏறுகிறது, தொடைக்கு ஏறிவிட்டால் ஆள் தங்க மாட்டான், நாளை மறுநாள் காலைக்குமேல் பொறுக்க முடியாது என்றாராம். முதலில் புண்ணைக் கழுவ வேண்டும். அதற்கு முன்னால் ஏசுதாசன் ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டு வந்தார். வீரப்பன் அது என்ன என்று கேட்டான். அவர் நல்ல மனிதர், பொய் சொல்ல வராது. அபினிலிருந்து எடுக்கிற மருந்துதான், பயப்படாதே, வலி தெரியாது என்றார். வீரப்பன் கையை இழுத்துக்கொண்டான். எனக்கு வேண்டாமுங்க, நான் சத்தியம் பண்ணியிருக்கேன் என்றான். காலை எடுக்கும்போது மூக்கில் துணி வைத்து மயக்க மருந்து கொடுப்பார்களே, அதுவும் வேண்டாம் என்றான். புத்தியை மயக்குவது எதுவும் வேண்டாம். துண்டை வாயில் அடைத்துக்கொண்டான். அப்படியே கழுவினார்கள். அவன் கத்தவில்லை. கட்டிலின் இரும்புச் சட்டம் கடகடவென்று ஆடிய சத்தம் மட்டும் தட்டி வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

கழுவி முடிந்த பிறகு நான் செய்ததைத்தான் இந்த மலரில் யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். நான் முனகினேன். இடுப்பைப் பிடித்துக்கொண்டு புரண்டேன். இரண்டு நாள் பழக்கம் இருந்ததால் எப்படிப் புரள வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. ஏசுதாசன் வந்தார். உங்களுக்கு இரண்டுக்குமேல் வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், ஆனால் இந்த ஆளுக்கு ஏற்றியது வீணாகத்தான் போகப்போகிறது என்று சொல்லி, வீரப்பன் வேண்டாமென்ற அதே ஊசியை எனக்குப் போட்டார். சட்டைப் பையில் கல் இருந்தது. தட்டிக்கு அப்பால் அவன் பல்லைக் கடிக்கிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அதுவும் அடுத்த வீட்டுச் சண்டையாகிவிட்டது. சுகமாக இருந்தது. இதையும் எழுதுகிறேன், ஏனென்றால் அதுதான் உண்மை. இரண்டாம் ஊசி வரைக்கும் அது எனக்கு மருந்து. மூன்றாவது கள்ளுக்கடைதான். எல்லை எங்கே என்று யாராவது கேட்டால் எனக்கு நன்றாகத் தெரியும். அதைத் தாண்டிப் போய்ப் பார்த்தவன் நான்.

நாலாம் நாள் மருந்து தெளிந்து எழுந்தபோது வாய் கசந்தது. வீரப்பனின் முகம் ஒரே நாளில் ஒடுங்கிவிட்டது. இரண்டு கண்ணும் குழியில் இருந்தன. ஏசுதாசன் என்னிடம் வந்து, நீங்கள் அவனுக்குக் கிராணி, உங்கள் பேச்சைத்தான் கேட்பான், மயக்கம் கொடுக்காமல் காலை எடுத்தால் அதிர்ச்சியிலேயே போய்விடுவான், எடுக்காவிட்டால் அழுகலில் போய்விடுவான், நாளைக் காலைக்குள் சம்மதம் வாங்கிக் கொடுங்கள் என்றார். வாங்கித் தருகிறேன் என்று பெருமையாகச் சொன்னேன். நான் கட்டிய கட்டுத்தானே, அவிழ்க்க எனக்குத் தெரியாதா என்ற நினைப்பு.

நாலு மணிக்குப் பார்வையாளர் நேரம். தையலும் வள்ளியும் பஸ்ஸில் வந்திருந்தார்கள். தையல் வாழைத்தண்டுச் சாற்றைப் புட்டியில் அடைத்துத் துணியைச் சுற்றி எடுத்துவந்திருந்தாள். கல்லைக் கரைக்குமாம். நாலு நாளாக யார் தோட்டத்தில் வாழை வெட்டினாலும் ஓடிப்போய்த் தண்டு கேட்டு வாங்கியிருக்கிறாள். நான் அதை ஒரு மடக்கு குடித்துவிட்டு, சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். பிறகு தட்டியை முழுக்க விலக்கி, வீரப்பன் கட்டில் பக்கம் போய் உட்கார்ந்தேன். தையல் எனக்குப் பின்னால் நின்றாள். வள்ளி தரையில் உட்கார்ந்து ரப்பர்க் கொட்டைகளை உருட்டிக்கொண்டிருந்தாள்.

மருந்து வேறு லாகிரி வேறு என்று ஆரம்பித்தேன். பிரசங்கம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவன் பொறுமையாகக் கேட்டான். பிறகு மெல்லிய குரலில் சொன்னான்.

“மருந்துங்கற பேர்லயும்னு நீங்கதானே கிராணியாரே எழுதுனீங்க. நான் மூணு தடவ சொல்லிச் சூடம் அடிச்சேன்.”

அது குடிகாரர்கள் சாக்குச் சொல்வார்கள் என்று எழுதியது என்றேன். எழுதியவன் நான், நானே அதை எடுத்துவிடுகிறேன் என்றேன். அவன் தலையை அசைத்தான். எழுதியது நீங்கள், அடித்தது நான் என்றான். வேறு வழியில்லாமல், வெட்கத்தை விட்டு, நானே அந்த ஊசியைப் போட்டுக்கொண்டேன் என்று சொன்னேன். சொல்லும்போது தையல் பக்கம் திரும்பவில்லை.

“தெரியுங்க. எனக்கு எடுத்த ஊசிதானே. முழிச்சுக்கிட்டுத்தான் கெடந்தேன். வலி வந்தா என்னா செய்யறது, பாவம்.” கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டான். “உங்களுக்கு ஒண்ணும் இல்லீங்க. நீங்க சத்தியம் பண்ணலீங்களே. நாங்கதானே பண்ணோம்.”

அவன் குத்திப் பேசவில்லை. எனக்கு ஆறுதல் சொன்னான். நாற்பது பேர் கை நீட்டிய அந்த வெள்ளிக்கிழமை நான் சூடத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். குடிக்காதவனுக்குச் சத்தியம் எதற்கு என்று நினைத்தேன். யாரும் கேட்கவுமில்லை. இரண்டு வருஷமாக அது எனக்குத் தோன்றியதே இல்லை.

சரி, அந்தப் பாவம் என்னைச் சேரட்டும், நீ போட்டுக்கொள் என்றேன். அதற்கும் அவன் ஒப்பவில்லை.

“உங்க மேலன்னா எப்படிங்க? என் சத்தியம் எம்மேல இல்லியே, அஞ்சலை தலையில இருக்கு. அதை அங்கேர்ந்து எறக்கணும்னா, இன்னொரு பிள்ளை தலைதான் ஏந்தணும். அது யாரு ஏந்துவா? எங்கால் போவட்டுங்க. நான் போனாலும் போறேன். அவளுக்கு ஒண்ணு ஆயிடக்கூடாது.”

வள்ளி கட்டிலுக்கடியில் உருண்டுபோன ஒரு கொட்டையை எடுக்கத் தவழ்ந்துகொண்டிருந்தாள். சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. எனக்கு நம்பிக்கை கிடையாது என்று மேலே எழுதியிருக்கிறேன். நம்பிக்கை இல்லாதவனுக்கு அந்த வார்த்தை வெறும் காற்றுத்தானே. வாயைத் திறந்தேன். வரவில்லை. நாற்பது வீட்டுப் பிள்ளைகளின் தலையை எழுத்தில் வைத்துக் கட்டியவனுக்குத் தன் பிள்ளையின் பேரைச் சொல்ல நாக்கு எழவில்லை. கோயில் பூசாரியைக் கேட்டுப் பரிகாரம் ஏதாவது உண்டா என்று பார்க்கிறேன், ஆள் அனுப்புகிறேன் என்று உளறினேன். பூசாரி இருப்பது பன்னிரண்டு மைலுக்கு அப்பால். கத்தி நாளைக் காலையில். அவனுக்கும் அது தெரியும். சரிங்க என்றான்.

தையல் வாழைத்தண்டுப் புட்டியை ஜன்னலில் வைத்தாள். குனிந்து வள்ளியைக் கட்டிலடியிலிருந்து இழுத்துத் தூக்கினாள். என்னைக் கேட்கவில்லை. வீரப்பனின் தலைமாட்டுப் பக்கம் போனாள்.

“அண்ணே, எங்க வள்ளி ஏந்திக்கிறா. கையை இவ தலையில வைங்க. அஞ்சலை தலையில இருந்தது இவ தலைக்கு வரட்டும். நான் பெத்தவ சொல்றேன், மாரியம்மா கேட்டுக்கிட்டு இருக்கா.”

அதுவரைக்கும் அவள் லயத்து ஆட்கள் யாரையும் அண்ணே என்று கூப்பிட்டதில்லை. எங்கள் வீட்டுப் படியைக்கூடத் தாண்டாத கை அவன் கை. அதை அவளே எடுத்து வள்ளியின் உச்சியில் வைத்தாள். வள்ளி அண்ணாந்து பார்த்து, அந்தக் கை சுடுகிறது என்றாள். காய்ச்சல் கை. வீரப்பன் அழுதான். காலைக் கழுவும்போது அழாதவன் அப்போது விம்மி விம்மி அழுதான். வேண்டாம்மா, வேண்டாம்மா என்றான், ஆனால் கையை எடுக்கவில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கு ஏசுதாசன் வந்து ஊசி போட்டார். இரண்டு நாளாகச் சுருட்டிப் பிடித்திருந்த அவன் கைவிரல்கள் ஒவ்வொன்றாக விரிவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் விடிந்ததும் காலை முழங்காலுக்குமேல் எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டான்.

அன்றைக்கே நான் கல்லை எடுத்து ஏசுதாசனிடம் கொடுத்தேன். இப்போதுதான் விழுந்தது என்றேன். அவர் அதை உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தார். காய்ந்து கிடந்த கல். என் முகத்தை ஒரு தரம் பார்த்தார். ரொம்ப நல்லது, வீட்டுக்குப் போகலாம் என்று மட்டும் சொன்னார்.

பஸ்ஸில் வரும்போது, என்னை அழைத்துப்போக வந்திருந்த தையலிடம் கேட்டேன், உனக்கு எப்படி மனசு வந்தது என்று. கோபமாகத்தான் கேட்டேன். என் பெண்ணை என்னைக் கேட்காமல் எப்படி வைக்கலாம் என்கிற கோபம். அவள் ஆற்றைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள்.

“அந்தப் பிள்ளைக்குத் தாய் இல்ல. வள்ளிக்கு நான் இருக்கேன், வந்தா பார்த்துக்குவேன். நீங்க வாயைத் தொறந்துட்டுத் தொறந்துட்டு மூடுனீங்க. நான் எவ்வளவு நேரந்தான் பார்த்துக்கிட்டு நிக்கறது?”

அதற்குப் பிறகு சங்கத்து வாசகத்தில் அந்தச் சொற்களை அடித்துவிட்டு, ‘டாக்டர் கொடுப்பது நீங்கலாக’ என்று எழுதினேன். பிள்ளை தலை என்பதையும் எடுத்துவிட்டேன். நானும் ஒரு வெள்ளிக்கிழமை போய்ச் சூடத்தின்மேல் கை வைத்தேன். வீரப்பன் கோல் ஊன்றிக்கொண்டு ஆலையில் காவலுக்கு உட்கார்ந்திருக்கிறான். குடிப்பதில்லை. கிராணியாரும் அம்மாவும்தான் என் உயிரைக் காப்பாற்றினார்கள் என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறான். இரண்டு பேரையும் சேர்த்துச் சொல்கிறான். அவன் இருக்கிற வழியாக நான் போவதில்லை.

போன மாசம் வள்ளிக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. இந்தப் பக்கத்தில் காய்ச்சல் வராத பிள்ளை எது? கொய்னா கொடுத்தால் இறங்கும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் இரண்டாம் நாள் இறங்காதபோது நம்பிக்கை இல்லாதவன் மாரியம்மன் படத்துக்கு முன்னால் போய் நின்றேன். தையல் பிள்ளையின் நெற்றியில் ஈரத் துணியைப் போட்டுக்கொண்டே என்னைக் கூப்பிட்டாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. பயம்தான் இருந்தது.

“என்னங்க, அந்த ஆஸ்பத்திரியில நீங்க எங்கிட்ட சொல்லாதது இன்னும் ஏதாச்சும் இருக்கா? இருந்தா சொல்லிடுங்க. வீரப்பண்ணனுக்காக ஏந்துனதுக்கு நான் அம்மன்கிட்ட வேண்டிக்குவேன். வேற எதையும் சேர்த்து எம்பிள்ளை ஏந்திக்கிட்டு இருக்காளான்னு எனக்குத் தெரியணும்.”

ஊசி போட்டுக்கொண்டதை நான் வீரப்பனிடம் சொன்னபோது அவள் காதில் விழுந்திருந்தது. வலியே இல்லாமல் போட்டுக்கொண்டது அவளுக்குத் தெரியாது. கல் மூன்றாம் நாளே விழுந்து என் பையில் இருந்தது தெரியாது. நாலு நாள் அலைந்து அவள் கொண்டுவந்த வாழைத்தண்டுச் சாற்றை அந்தப் பையோடு உட்கார்ந்து குடித்தேன் என்பதும் தெரியாது.

ஒன்றும் இல்லை என்றேன்.

அவள் நம்பினாள். நல்லதுங்க என்று சொல்லிவிட்டுத் துணியைத் திருப்பிப் போட்டாள். காய்ச்சல் மறுநாள் மத்தியானம் இறங்கியது. குழந்தை கஞ்சி கேட்டாள். தையல் அம்மனுக்கு மாவிளக்குப் போட்டாள்.

தையலுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க வரும். சங்கத்து மலர் அச்சாகி வந்ததும் முதல் பிரதி தலைவர் வீட்டுக்கு வரும். செயலாளர் இதைப் போட மறுத்தால், இந்தக் கையெழுத்துத் தாள்களையே அவள் கையில் கொடுத்துவிடுவேன். வாசிக்கும்போது நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.